பெரட்டுக் களம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. தொழிலாளியின் குரலும் உள்ளே வருமா?

புக்கிட் பெருந்துங் – தோட்டத்தில் ஒரு காலத்தில் எல்லாச் செய்தியும் விடியற்காலைப் பெரட்டில்தான் வெளிவரும். இருட்டு விலகுமுன் ஆண்களும் பெண்களும் வரிசையில் நிற்பார்கள். கிராணி பேர் கூப்பிடுவார். யாருக்கு எந்த நிரை, யார் மருந்தடிக்கப் போவது, சம்பளம் என்றைக்கு என்பதெல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே சொல்லி முடிக்கப்படும். ஆபீஸ் சுவரில் ஒட்டிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் பலருக்குக் கிராணியின் வாய்தான் வேண்டும். செய்தி மேலிருந்து கீழே வந்தது. கீழிருந்து மேலே போக வழி இருந்ததில்லை.

அந்த வரிசையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று புக்கிட் பெருந்துங், புக்கிட் செந்தோசா, செரண்டா, ரவாங் வட்டாரத் தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறார்கள். பெரட்டும் இடம் மாறிவிட்டது. ஷிப்ட் மாற்றம், சம்பளச் சீட்டு, விடுமுறை விண்ணப்பம், பயிற்சி அறிவிப்பு, பாதுகாப்பு எச்சரிக்கை என எல்லாவற்றையும் ஒரே செயலிக்குள் கொண்டுவரும் ‘இலக்கவியல் பணியிடம்’ பெரிய நிறுவனங்களில் வழக்கமாகி வருகிறது. அதற்குள்ளேயே தலைமை நிர்வாகியும் ஒவ்வொரு பிரிவும் எழுதுவதற்கு வலைப்பூ அலைவரிசைகளும் திறக்கப்படுகின்றன.

இந்தப் புதிய வசதி தொழிலாளியின் கேள்வியை மேலே கொண்டுபோகுமா, அல்லது பழைய அறிவிப்புப் பலகைக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியது போலாகிவிடுமா என்பதுதான் இப்போது பார்க்க வேண்டியது.

புலனத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இன்று பல வேலையிடங்களில் உண்மையான அறிவிப்புப் பலகை புலனக் குழுதான். சூப்பர்வைசர் இரவு பத்து மணிக்கு ஒரு வரி தட்டிவிடுகிறார். அதன்கீழே ‘ஓகே’ என்று முப்பது பேர். காலையில் பிறந்தநாள் வாழ்த்தும் சாமி படமும் வந்து, அந்த ஒரு வரி எங்கோ மேலே போய்விடுகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு முந்தைய செய்தி எதுவும் தெரியாது. மூன்று மாதம் கழித்து, ‘அன்று என்ன சொன்னீர்கள்?’ என்று கேட்டால், ‘அப்படிச் சொல்லவில்லையே’ என்ற பதில்தான் வரும்.

வலைப்பூ அலைவரிசை வேறு விதமானது. ஒரு பதிவு என்றால் அதில் எழுதியவர் பெயர் இருக்கும், தேதி இருக்கும், தலைப்பு இருக்கும். பின்னூட்டம் திறந்திருந்தால் கேள்வியும் பதிலும் அதன்கீழேயே நிற்கும். ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி. ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருந்த முதலாளிகளுக்கு அது ஆகஸ்டு 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. செய்தி எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு தொழிலாளிக்கு வேண்டியது வேறு. ‘என் அடிப்படைச் சம்பளம் இப்போது எவ்வளவு? அலவன்ஸைக் கழித்துவிட்டு அடிப்படையில் சேர்த்தார்களா? வழக்கமான நாளின் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு என்பதை இனி எந்தத் தொகையிலிருந்து கணக்கிடுவார்கள்?’ இவற்றை மனிதவளப் பிரிவு ஒரே பதிவில் கணக்கோடு எழுதி, கீழே வரும் கேள்விகளுக்கும் பதில் சொன்னால், நூறு பேர் தனித்தனியாக ஆபீஸ் கதவைத் தட்ட வேண்டியதில்லை. தட்டப் பயப்படுகிறவருக்கும் பதில் கிடைத்துவிடும். அலைவரிசையின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

வேலை மாறிய வட்டாரம்

இந்தக் கேள்வி வட சிலாங்கூரில் கூடுதல் கனம் பெறுவதற்குக் காரணம் உண்டு. ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் 1990-களில் லேண்ட் அண்ட் ஜெனரல் நிறுவனத்தின் திட்டமாக எழுந்த நகர் புக்கிட் பெருந்துங். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையை நம்பி வீடுகளும் தொழிற்பேட்டையும் வந்தன. 1997-இன் நிதி நெருக்கடியில் அந்த வேகம் நின்று, வரிசை வரிசையாக வீடுகள் ஆளில்லாமல் கிடந்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. இன்னொரு பக்கம், 1993-இல் தொடங்கப்பட்ட பெரோடுவா நிறுவனம் சுங்கை சோவில் கார் தயாரிப்பை நிலைநிறுத்தியது. செரண்டாவில் விமான எஞ்சின் பாகம் செய்யும் தொழிற்சாலை வரை வந்துவிட்டது.

பால் வெட்டிய கையும் குலை அறுத்த கையும் இப்போது இயந்திரப் பொத்தானை அழுத்துகின்றன. கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டங்களைவிட்டு வெளியேறிய குடும்பங்களில், அப்பா பாதுகாவலர் வேலையில், அம்மா துப்புரவுக் குத்தகையில், மகன் தொழிற்சாலையில், மகள் அலுவலகத்தில் என்று ஒரே வீட்டில் நான்கு விதமான வேலை நடக்கிறது. மகளுக்கு நிறுவன மின்னஞ்சல் உண்டு. அவர் அலைவரிசையைப் படிக்கிறார். மகனுக்குச் செயலி இருக்கிறது, படிக்க நேரமில்லை. அப்பாவும் அம்மாவும் குத்தகை ஆட்கள். அவர்கள் வேலை செய்யும் கட்டடத்தின் அலைவரிசையில் அவர்களுக்கு இடமே இல்லை. செய்தி அறிவதில் ஒரே வீட்டுக்குள் நான்கு படி.

முன்பு கிராணிக்கு இருந்த அதிகாரம் அவர் கையிலிருந்த செக்ரோலால் மட்டும் வந்ததல்ல. மற்றவர்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று அந்த இடத்தில் நிற்பவர், அலைவரிசையைப் படிக்கத் தெரிந்தவர். எந்தப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள், எந்தப் பயிற்சிக்கு நிறுவனம் பணம் கட்டுகிறது, பதவி உயர்வுக்கு என்ன சான்றிதழ் வேண்டும் என்பது அவருக்கு முதலில் தெரிகிறது. படிக்காதவர் பத்து ஆண்டு அதே இயந்திரத்தின் முன் நிற்கிறார்.

1941-லேயே கேட்டார்கள்

பேச ஒரு வழி வேண்டும் என்பது இங்கே புதிய கோரிக்கை அல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பல தோட்டங்களுக்கும் பரவியது. அதை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவர். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகள் சம்பளத்தோடு நிற்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். கொடுமை செய்யும் உத்தியோகஸ்தர்களை நீக்கி, தமிழ் பேசுகிறவர்களை வைக்க வேண்டும் என்றார்கள். பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் வேண்டும் என்றார்கள். குறையைச் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது, குறைகளை எடுத்துச் சொல்லச் சங்கம் அமைக்க அனுமதி வேண்டும் என்றும் கேட்டார்கள்.

பதிலுக்குப் படை வந்தது. நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். உயிர்களும் போயின. 1954-இல் பி.பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, முதலாளிமார் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் பேசும் நிலை பிறகுதான் வந்தது.

அந்தப் பட்டியலை இன்றைய அலைவரிசைக்கு அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம். தொழிலாளிக்குப் புரியும் மொழியில் பதிவு இருக்கிறதா? கேள்வி கேட்க அனுமதி உண்டா? கேட்டவருக்குப் பிறகு ஷிப்டிலோ ஓவர்டைமிலோ பழிவாங்கல் வராதா? தனி ஆளாக இல்லாமல் கூட்டாகப் பேச வேறு வழியும் இருக்கிறதா? எண்பது ஆண்டுக்கு முன் கேட்டவை, இன்றும் பல வேலையிடங்களில் முழுப் பதில் இல்லாமல் நிற்கின்றன.

எச்சிஎல் செய்து பார்த்தது

நிறுவனம் மனது வைத்தால் இது நடக்கும் என்பதற்குச் சாட்சி உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்த ஷிவ் நாடார் 1976-இல் நண்பர்களோடு தொடங்கிய எச்சிஎல் இன்று உலகெங்கும் கிளை கொண்ட நிறுவனம். சென்னையிலும் மதுரையிலும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் அதில் வேலை செய்கிறார்கள். அதன் எச்சிஎல் டெக்னாலஜிஸ் பிரிவின் தலைமைக்கு 2005-இல் வந்த வினித் நாயர், ‘யூ அண்ட் ஐ’ என்ற பெயரில் நிறுவனத்துக்குள் ஒரு பக்கம் திறந்தார். எந்த ஊழியரும் தலைமை நிர்வாகத்திடம் நேரடியாகக் கேள்வி கேட்கலாம். பதிலை மட்டுமல்ல, கேள்வியையும் நிறுவனத்திலுள்ள எல்லாரும் பார்க்கலாம்.

தொடக்கத்தில் வந்தவை பெரும்பாலும் கசப்பான கேள்விகள். நிறுவனத்தின் அழுக்கை இப்படி எல்லார் முன்னும் துவைக்க வேண்டுமா என்று மேலாளர்கள் சிலர் கவலைப்பட்டார்கள். ஆனால் நாயர் பக்கத்தை மூடவில்லை. குறையை மறைக்காத நிர்வாகத்தை நம்பலாம் என்ற எண்ணம் ஊழியர்களிடம் வளர்ந்ததாக, 2010-இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார். பிறகு அவரே தமக்குத் தீர்வு தெரியாத பிரச்சினைகளைப் பதிவிட்டு, ஊழியர்களிடம் யோசனை கேட்கத் தொடங்கினார். மேலாளர்களைப் பற்றி ஊழியர்கள் தரும் மதிப்பீட்டையும் உள்வலையில் வெளியிடும் வழக்கம் வந்தது. முதலில் வெளியிட்டது தம்முடையதைத்தான்.

அங்கே இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஊழியர் ஒரு குறையைப் பதிவு செய்தால் அதற்கு ஒரு சீட்டு திறக்கப்படும். அந்தச் சீட்டை ‘தீர்ந்தது’ என்று மூடும் உரிமை குறை சொன்னவருக்கே உண்டு. நிர்வாகப் பிரிவு தானாக மூட முடியாது. நம் ஊர் வேலையிடங்களில் கழிவறைக் குழாய் முதல் பாதுகாப்புக் காலணி வரை ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோகும் புகார்களை நினைத்துப் பார்த்தால், இந்தச் சிறிய விதியின் பெருமை புரியும்.

எச்சிஎல் பிறகு, உள்நிறுவன வலைப்பூ வசதி கொண்ட ‘கனெக்‌ஷன்ஸ்’ உள்ளிட்ட ஐபிஎம் மென்பொருள்களை வாங்குவதாக 2018 டிசம்பரில் அறிவித்து, 2019-இல் தன்வசமாக்கியது. அறிவித்த விலை 180 கோடி டாலர். சென்னையின் சோகோ நிறுவனமும் ‘சோகோ கனெக்ட்’ என்ற பெயரில் இத்தகைய பணியிடத் தளத்தை விற்கிறது. கருவி செய்வதில் தமிழர்களுக்கும் பங்குண்டு.

ஒன்றை மறக்கக் கூடாது. எச்சிஎல் ஊழியர்கள் பெரும்பாலும் பட்டதாரிகள்; கணினி முன் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள். புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்கிறவரின் நிலை அதுவல்ல. அங்கே பலித்தது இங்கே அப்படியே பலிக்கும் என்று எண்ணினால் ஏமாற்றம்தான்.

எங்கே இடறுகிறது?

முதல் இடறல் நேரம். பதிவைப் படி என்று நிறுவனம் சொல்கிறது. எப்போது படிப்பது என்று சொல்வதில்லை. கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போகும் தொழிற்சாலைகளில், வேலை முடிந்து பஸ்ஸில் தூங்கி விழும் நேரத்தில், சொந்த டேட்டாவைச் செலவழித்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது மொழி. மலாயும் ஆங்கிலமும் கலந்த நிர்வாக நடையில் எழுதிய பதிவு, தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஐம்பது வயதுக்காரருக்கு எட்டாது. அவர் பக்கத்தில் நிற்கும் நேப்பாளத் தொழிலாளிக்கும் வங்காளதேசத் தொழிலாளிக்கும் அதே கதிதான்.

மூன்றாவது பயம். பெயரோடு கேள்வி எழுதினால் நாளை சூப்பர்வைசர் முகம் எப்படியிருக்கும் என்று யோசிக்கிறவர் எழுதமாட்டார். கீழே யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதைக் கண்டு ‘எல்லாரும் திருப்தியாக இருக்கிறார்கள்’ என்று நிர்வாகம் எண்ணிக்கொள்கிறது. பெரட்டில் நின்றவர்களும் மௌனமாகத்தான் நின்றார்கள். அது திருப்தியால் அல்ல என்று 1941 காட்டியது.

நான்காவது, தளமே நிலையில்லாதது. பேஸ்புக் நிறுவனம் 2016-இல் தொடங்கிய ‘ஒர்க்பிளேஸ்’ தளத்தை வால்மார்ட், ஸ்டார்பக்ஸ் போன்ற பெரும் நிறுவனங்கள் பயன்படுத்தின. நம் நாட்டு ஏர் ஆசியாவும் பயன்படுத்தியது. 2024 மே மாதம் மெட்டா அதை மூடப்போவதாக அறிவித்தது. 2025 ஆகஸ்டு 31-உடன் வழக்கமான பயன்பாடு நின்றது. பல ஆண்டுப் பதிவுகளை நிறுவனங்கள் வேறு தளத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ‘எல்லாம் செயலியில் இருக்கிறது’ என்று நம்பி, சம்பளம், விடுமுறை, புகார் பற்றிய பதிவுகளின் நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாத தொழிலாளிக்கு இது ஒரு பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அலைவரிசையில் போட்டுவிட்டோம், கடமை முடிந்தது என்று நிறுவனம் சொல்ல முடியாத இடங்கள் உண்டு. திருத்தப்பட்ட 1955 வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பை வேலையிடத்தில் எல்லாரும் பார்க்கும்படி எந்நேரமும் வைத்திருக்க வேண்டும் என்பது அதில் உள்ள விதி. கண்ணில் படும் இடம் என்றால் கடவுச்சொல்லுக்குப் பின்னாலுள்ள இடம் அல்ல. அத்தகைய புகாரை விசாரிக்க முதலாளி மறுத்தால், 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கையைத் தொழிலாளர்களுக்குத் தெரியப்படுத்தச் சொல்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்தை முதலாளி நீக்காதபோது அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. பாதுகாப்பு பற்றிப் புகார் செய்தவரைத் தண்டிக்கவும் தடை உண்டு. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வதை 1967-ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டம் தடுக்கிறது.

ஆகவே அலைவரிசை இந்த வழிகளுக்குத் துணையாக நிற்கலாம். அவற்றின் இடத்தைப் பிடிக்க முடியாது. பாதுகாப்புக் குழுவையும் சங்கத்தையும் ஓரங்கட்டிவிட்டு, ‘வேண்டுமானால் பின்னூட்டம் எழுதுங்கள்’ என்று சொன்னால் அது பின்னடைவு.

செய்யக்கூடியது

நிறுவனங்களுக்கு இது பெரிய செலவில்லை. ஷிப்ட் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்றைய முக்கியப் பதிவைச் சூப்பர்வைசர் வாயால் சொல்லலாம். உணவறையில் ஒரு திரையோ அச்சிட்ட தாளோ வைக்கலாம். எளிய மலாயில் எழுதி, தமிழ் உட்படத் தொழிலாளர்களின் மொழிகளில் இரண்டு நிமிட ஒலிப்பதிவு சேர்க்கலாம். பெயர் சொல்லாமல் கேட்கும் வசதியும், ஒரு வாரத்துக்குள் பதில் என்ற உறுதியும் இருந்தால் கேள்விகள் தாமாக வரும். குத்தகைத் தொழிலாளர்களையும் குறைந்தது பாதுகாப்பு அலைவரிசையிலாவது சேர்க்க வேண்டும்.

தொழிலாளர்கள் பக்கமும் வேலை இருக்கிறது. செயலியைச் சம்பளச் சீட்டுக்கு மட்டும் திறந்து மூடிவிடாமல், வாரம் ஒருமுறை பயிற்சி, உள்வேலை வாய்ப்பு அலைவரிசைகளைப் பார்க்க வேண்டும். சம்பளம், நேரம், விடுமுறை பற்றிய பதிவுகளைத் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். கேள்வி எழுதும்போது ஆளைத் தாக்காமல் விஷயத்தைக் கேட்பது பாதுகாப்பானது. பாலியல் தொல்லை, சம்பளப் பாக்கி போன்றவற்றைப் பொது அலைவரிசையில் போடுவதைவிட, எழுத்துப் புகாராகக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்வதே சரியான வழி. தீராவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

படித்த பிள்ளைகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அலுவலகத்தில் இருக்கும் மகள், தொழிற்சாலையில் இருக்கும் அண்ணனுக்கு அலைவரிசையில் தேடக் காட்டிக்கொடுக்கலாம். கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், சம்பளச் சீட்டைப் படிப்பதும் நிறுவனச் செயலியில் கேள்வி எழுதுவதும் பலருக்குப் பழகிவிடும். தோட்டத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்கப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட சமூகத்துக்கு இது புதிய பழக்கமல்ல.

அடுத்த முறை கைப்பேசியில் நிறுவனத்தின் பதிவு வந்து நிற்கும்போது மூன்றைப் பார்த்தால் போதும். எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கின்றனவா? கீழே கேள்வி கேட்க இடம் இருக்கிறதா? போன மாதம் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்கிறதா? மூன்றாவதற்கு ‘இல்லை’ என்பதுதான் பதில் என்றால், அதைப் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்திலோ சங்கக் கிளையிலோ முதல் விஷயமாக எழுப்பலாம்.